நாற்பத்தோராவது குழாய்

ஹர்மாட்டான் புழுதி வலையில் அப்பிய
ஒரு திங்கட்கிழமை, ஸாரியாவில்,
தராசைத் துடைத்துப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருகிறாள் ரிஃப்காத்து.
நாற்பது எலிகள்.
மாட்டுக்கொழுப்பு பிசைந்த தீனி தின்று
தலையணை மாதிரி ஊதியிருக்கின்றன எல்லாம்.

இஞ்சி கஃபன்சானிலிருந்து சாக்கில் வந்தது.
ஒரே வயல், ஒரே நாள் தோண்டியது.
ஒரு பங்கைத் தண்ணீரில் கொதிக்கவிட்டாள்.
ஒரு பங்கைக் காயவைத்துப் பொடித்து
சாராயத்தில் மூன்று நாள் ஊறப்போட்டாள்.
ஒரு பங்கின் மேல் ஆவியை ஏற்றி
எண்ணெயைச் சொட்டுச் சொட்டாய் இறக்கினாள்.
நான்காம் வரிசைக் கூண்டுகளுக்கு வெறும் தண்ணீர்.
ஒப்பிட்டுப் பார்க்க
யாராவது ஏமாந்துதானே ஆக வேண்டும்.

கிழங்கு ஒன்றுதான்.
தண்ணீர் கேட்டால் அளந்து பேசும்.
சாராயம் கேட்டால்
இருப்பதையெல்லாம் உளறிக் கொட்டும்.
ஆவியோடு வாசனை மட்டும் கிளம்பிப் போகும்,
காரம் சக்கையிலேயே உட்கார்ந்துகொள்ளும்.
வெயிலில் ஈரம் வற்றினால்
நம் மொழியில் அதற்குப் பெயரே வேறு.
வேதியியலும் அதைத்தான் சொல்கிறது:
உள்ளிருக்கும் காரம்
ஒரு துளி நீரை உதறிவிட்டு
வேறொன்றாகிவிடுகிறது.

மின்சாரம் போகும். ஜெனரேட்டர் இருமும்.
சுழல்குடுவை பாதிச் சுற்றில் நிற்கும்.
ரிஃப்காத்து நோட்டில் நேரம் குறிப்பாள்,
பக்கத்தில் ஒரு சிறிய வசவும்.

ஐந்தாம் வாரம்
கஷாய எலிகள் மளமளவென்று இளைத்தன.
அவள் வரைபடத்தை
மூன்று பேருக்கு அனுப்பினாள்.
ஒருவர் கைதட்டும் படத்தைத் திருப்பி அனுப்பினார்.

கூண்டு கழுவும் பூலுஸ்தான்
காலிச் சோப்புப் பெட்டியில்
மிச்சத் தீனியைச் சேர்த்து வைத்திருந்தார்.
"மேடம், இதையும் நிறுத்துப் பாருங்கள்."
பாட்டிலில் கஷாயம் குறையவே இல்லை.
இஞ்சி தின்ற குரங்கைத்தான் நமக்குத் தெரியும்;
இவை முகர்ந்து பார்த்துவிட்டு
மூலையில் போய் உட்கார்ந்த எலிகள்.
தாகத்தில் தீனி இறங்கவில்லை.
இளைத்தது இஞ்சியால் அல்ல,
இஞ்சியை மறுத்ததால்.

அன்றிரவு அவள் வரைபடத்தை அழிக்கவில்லை.
தலைப்பை மட்டும் அழித்தாள்.

எட்டாம் வாரம் ரத்தம் எடுத்தார்கள்.
எண்ணெய் குடித்தவற்றுக்கு ஒரு மாற்றமும் இல்லை,
கூண்டு மட்டும் மணத்தது.
சாராயச் சாறு, குழாய் வழியே
தொண்டைக்குள் விட்டது, மறுக்க வழியில்லாதது,
அந்தப் பத்து எலிகள்
எடையில் இம்மியும் குறையவில்லை.
ரத்தத்தில் மட்டும் கொழுப்பு இறங்கியிருந்தது.
உடம்பு குண்டாகவே இருக்க
ரத்தம் இளைத்திருந்தது.

சுழற்சிப் பொறியில்
எதிரெதிர் எடை சமமாக இருக்க வேண்டும்.
நாற்பதுக்கு எதிரே நாற்பத்தொன்று ஒன்று இருந்தது.
எண் ஒட்டாத குழாய்.
அவள் தலை நிமிர்ந்தபோது
பூலுஸ் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்,
முழங்கை மடிப்பில் பஞ்சு.

திட்ட வேண்டும். விதி அப்படித்தான்.
அவள் பொத்தானை அழுத்தினாள்.

அவருடைய டிரைகிளிசரைடு
எலிகள் எல்லாவற்றையும் தாண்டி நின்றது.
காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"எனக்கு எது? கஷாயமா, சாராயமா, எண்ணெயா?"
"தெரியாது," என்றாள். "நீங்கள் எலி இல்லை."
"மாட்டுக்கொழுப்பு மட்டும் ஒன்றுதானே?"
இருவரும் சிரித்தார்கள்.
அவள் முதலில் நிறுத்தினாள்.
மருத்துவமனை முகவரியை
நோட்டின் மூலையில் எழுதிக் கிழித்துக் கொடுத்தாள்,
வியாழக்கிழமை, காலை, வெறும் வயிற்றில்.

அட்டவணையில் நாற்பது வரிசைகளே இருக்கின்றன.
பூலுஸ் பாட்டில்களைக் கழுவுகிறார்.
அடியில் பழுப்பாய் ஒரு வளையம்,
எவ்வளவு தேய்த்தும் போகாதது.
விரலால் தொட்டு நாக்கில் வைக்கிறார்.
முகம் சுளிக்கிறார்.
மறுபடி தொடுகிறார்.